ஐந்துக்கு எத்தனை?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓர் உணவகத்துக்கு 5.0 மதிப்பீடு, ஆனால் போட்டவர்கள் 3 பேர்தான். பக்கத்துக் கடைக்கு 4.4, போட்டவர்கள் 400 பேர். எதை நம்பிப் போவது?"

400 பேர் கடைக்குப் போங்கள். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எல்லாக் கடைகளுக்கும் ஊர்ச் சராசரியில் 20 கற்பனை வாக்குகளை முதலிலேயே போட்டுவிட வேண்டும். ஊர்ச் சராசரி 4.0 என்றால், முதல் கடைக்கு (3×5 + 20×4) ÷ 23 = 4.13. இரண்டாவதுக்கு (400×4.4 + 20×4) ÷ 420 = 4.38. வாக்கு ஏற ஏறக் கற்பனை வாக்குகளின் கை தளர்ந்துவிடும். ஐஎம்டிபி தளத்தின் முதல் 250 படங்கள் பட்டியலும் இப்படித்தான் தயாராகிறது. அங்கே கற்பனை வாக்குகள் 25,000.

அதென்ன 20? ஒரே கடைக்கு விழும் மதிப்பெண்களின் விலக்க வர்க்கச் சராசரியை (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு), கடைகளின் உண்மைத் தரத்துக்கு இடையே உள்ள விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்தால் வருவது அந்த எண். மாதிரிக்கு, 1.0 ÷ 0.05 = 20. ஆளுக்கு ஆள் ரசனை பெரிதும் மாறி, கடைகளுக்குள் தர வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் எண் கூடும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு 5 என்று வைத்தால், புதிதாகத் திறந்த கடைகளெல்லாம் உறவினர் வாக்கில் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும்.

சராசரி சரியானாலும், வாக்குகள் சரியா என்பது தனிக் கேள்வி. மனம் குளிர்ந்தவரும் கடுப்பானவரும்தான் மெனக்கெட்டு வாக்குப் போடுகிறார்கள்; நடுவில் இருப்பவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். யூடியூபில் விழுந்த வாக்குகளில் மிகப் பெரும்பாலானவை ஐந்து நட்சத்திரமே என்று 2009-இல் அந்நிறுவனமே சொன்னது; 2010-இல் நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலைக் கொண்டுவந்தது. முன்னால் போட்டவரைப் பார்த்துப் போடும் பழக்கமும் உண்டு. 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகளுக்கு ஆய்வாளர்கள் குருட்டாம்போக்கில் ஒரே ஒரு போலி ஆதரவு வாக்கைப் போட்டார்கள். அந்தக் கருத்துகளின் இறுதி மதிப்பீடு சராசரியாக 25% கூடிப்போனது.

இவை எல்லாரும் அறிந்த கோளாறுகள். எனக்கு அலுக்காதது வேறொன்று: நாம் பதில் சொல்வதற்கு முன்பே அளவுகோல் நம்மிடம் ஒரு சேதி சொல்லிவிடுகிறது.

ஜெர்மன் உளவியலாளர் நார்பர்ட் ஷ்வார்ஸும் குழுவினரும் 1985-இல் வெளியிட்ட சோதனை இதற்கு அழகான சான்று. நாளுக்கு எத்தனை மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பிரிவினருக்குக் கொடுத்த ஆறு கட்டங்கள் 'அரை மணி வரை' என்று தொடங்கி அரை அரை மணியாக ஏறி, 'இரண்டரை மணிக்கு மேல்' என்று முடிந்தன. இன்னொரு பிரிவினருக்கு 'இரண்டரை மணி வரை' என்பதே முதல் கட்டம், கடைசி 'நாலரை மணிக்கு மேல்'. இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் 16.2%, இரண்டாவதில் 37.5%.

யாரும் பொய் சொல்லவில்லை. தொலைக்காட்சி பார்த்த நேரத்தை யாரும் குறித்து வைப்பதில்லை. கேட்டவுடன் உத்தேசமாகக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. அப்போது கையில் கிடைக்கும் ஒரே தடயம் அந்தக் கட்டங்கள். 'ஆராய்ச்சி செய்பவர்கள் விவரம் தெரிந்துதான் இப்படிப் பிரித்திருப்பார்கள், ஆகவே ஊரில் பெரும்பாலோர் நடுக்கட்டத்தில் இருப்பார்கள், நானும் ஏறத்தாழ அப்படித்தான்' என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. விளைவு அதோடு நிற்பதில்லை. முதல் வகைக் கட்டங்களில் தங்களை மேல்பக்கம் கண்டவர்கள், தங்கள் வாழ்க்கையில் தொலைக்காட்சிக்கு அதிக இடம் இருப்பதாக அடுத்த கேள்வியில் சொன்னார்கள். தம்மைப் பற்றிய முடிவையே படிவத்திலிருந்து படித்துக்கொண்டார்கள்.

எண்களும் பேசும். 'வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள்?' என்ற கேள்வியை 1991-இல் வெளியான ஆய்வில் ஷ்வார்ஸ் இரண்டு விதமாகக் கேட்டார்: 0 முதல் 10 வரை, –5 முதல் +5 வரை. இரண்டிலும் பதினொரு படிகள், முனைகளில் அதே சொற்கள். முதலாவதில் கீழ்ப்பாதியைத் தேர்ந்தவர்கள் 34%. இரண்டாவதில் 13%. 0 என்றால் 'வெற்றி ஒன்றும் பெரிதாக இல்லை' என்று பொருள். –5 என்றால் 'தோற்றுப்போனவன்'. அந்தப் பக்கம் போய் நிற்க யாருக்கு மனம் வரும்?

10 என்ற எண்ணுக்கும் தனிப் பாரம் உண்டு. வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று, ஆசிரியர்களுக்கு மாணவர்கள் தரும் மதிப்பெண்ணை 10 படியிலிருந்து 6 படிக்கு மாற்றியது. அந்தத் தரவை லாரன் ரிவேராவும் ஆண்ட்ராஸ் டில்சிக்கும் 2019-இல் அலசினார்கள். ஆண்கள் மிகுந்த துறைகளில், பழைய முறையில் ஆண் ஆசிரியர்களுக்கு விழுந்த மதிப்பெண்களில் சுமார் 31% முழுப் பத்து. பெண்களுக்கு 20%-க்கும் சற்றுக் குறைவு. 6 படிக்கு மாறியதும் உச்ச மதிப்பெண் இருவருக்கும் 41–43%. மாணவர் மனத்திலிருந்த சாய்வு ஒரே நாளில் கரைந்துவிடவில்லை. 'பத்துக்குப் பத்து' என்றால் மேதை என்று ஒரு பிம்பம் இருக்கிறது, மேதை என்றதும் ஆண் முகம் தோன்றுகிறது. ஆறுக்கு அந்தப் புராணம் இல்லை. மாணவர் மதிப்பெண்ணை வைத்துப் பேராசிரியருக்குப் பதவி உயர்வு தரும் கல்லூரிகள் இதை ஒருமுறையாவது யோசித்திருக்குமா என்பது என் சந்தேகம்.

மதிப்பீட்டை வாசிப்பவர் ஏமாறும் இடம் வெட்டுக்கோடு. கடைகளுக்கு வாடிக்கையாளர் மதிப்பெண் போடும் அமெரிக்கத் தளமான யெல்ப், சராசரியை அரை நட்சத்திரத்துக்கு முழுமையாக்கிக் காட்டிவந்தது: 3.24 என்றால் மூன்று, 3.26 என்றால் மூன்றரை. கோட்டுக்கு இருபுறமும் உள்ள கடைகளின் சமையலில் வித்தியாசமே இருக்காது. ஆகவே கூட்டத்தில் தெரியும் வித்தியாசம் நட்சத்திரத்தால் வந்ததுதான். மைக்கேல் ஆண்டர்சனும் ஜெரமி மக்ரூடரும் சான் பிரான்சிஸ்கோ உணவகங்களின் முன்பதிவுகளை இப்படிப் பார்த்தபோது, கூடுதல் அரை நட்சத்திரம் இருந்தால் மேசைகள் முழுவதும் நிரம்புவது 19 சதவீதப் புள்ளிகள் கூடியது.

நம் வீட்டு ஏசியிலும் இதே கோடு ஒட்டியிருக்கிறது. மின் சிக்கன அமைப்பான பிஇஇ 2022 ஜூலையில் கொண்டுவந்த அட்டவணையில், ஸ்ப்ளிட் ஏசியின் ஐஎஸ்இஇஆர் எண் (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்ற ஆண்டுக் கணக்கு) 4.40 முதல் 5.00-க்குள் இருந்தால் நான்கு நட்சத்திரம், 5.00 தொட்டால் ஐந்து என்று இருந்தது. ஓர் அறையிலிருந்து ஆண்டுக்கு 4,500 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று வையுங்கள். அதை ஐஎஸ்இஇஆர் எண்ணால் வகுத்தால் மின்செலவு கிடைக்கும். 5.00-க்கு 900 யூனிட், 4.99-க்கு 902, 4.40-க்கு 1,023. இரண்டு யூனிட்டுக்கு ஒரு நட்சத்திரம் போகிறது. 121 யூனிட் வித்தியாசம் நட்சத்திரத்தில் தெரிவதே இல்லை. அட்டவணையும் அவ்வப்போது இறுகும்: 2018-இல் வந்த அட்டவணையில் 4.50 இருந்தாலே ஐந்து நட்சத்திரம். எனவே கடையில் நட்சத்திரத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கும் ஐஎஸ்இஇஆர், ஆண்டு யூனிட், லேபிள் செல்லுபடியாகும் காலம் மூன்றையும் பாருங்கள். அந்த ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. சென்னையில் பகலிரவாக ஓட்டுபவர் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சிப் பணம் பிரிக்கும் குழுக்களும் கோடு போடுகின்றன. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முறைப்படி, 25 விண்ணப்பங்களை 43 வல்லுநர்களிடம் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2018-இல் வெளிவந்தது. ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் கொடுத்த மதிப்பெண்கள், வெவ்வேறு விண்ணப்பங்களுக்கு இருவர் கொடுத்தவற்றைவிட ஒத்திருக்கவில்லை. அப்படியிருக்க, கோட்டுக்கு ஓர் இழை மேலே இருப்பவருக்குப் பணம், கீழே இருப்பவருக்கு வருத்தக் கடிதம் என்பதைத் தகுதித் தேர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரமற்றவற்றைக் கழித்துவிட்டு, கோட்டை ஒட்டிப் பிரிக்க முடியாமல் நிற்பவற்றுக்குச் சீட்டுக் குலுக்க ஸ்விஸ் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2021 முதல் இடம் தருகிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பதும் இந்த வரிசைதான்: முதலில் வயது, நிலம், கல்வி பார்த்து வடிகட்டு, மிஞ்சியவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடு. நம் நிதிக் குழுக்களும் கோட்டுக்கு இருபுறமும் அரை மதிப்பெண் இடைவெளியில் நிற்கும் விண்ணப்பங்களுக்கு இதைச் செய்யலாம். அதற்கு முதலில், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வல்லுநர்கள் தனித்தனியே போட்ட மதிப்பெண்களைச் சராசரியில் புதைக்காமல் வெளியிட வேண்டும்.