சொல் விளக்கம்: பிரான்சைஸ்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் என் மச்சானைக் காட்டி, "மாப்ள என்னங்க பண்றாரு?" என்று கேட்டார். "டீக்கடை பிரான்சைஸ் எடுத்திருக்காருங்க" என்றேன். "ஓ, பிராஞ்ச்சுங்களா? அப்ப கம்பெனி சம்பளந்தானுங்க?" என்றார். இல்லைங்க என்று ஆரம்பிப்பதற்குள் ரசம் வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிராஞ்ச் வேறு, பிரான்சைஸ் வேறு. பிராஞ்ச் கம்பெனியே நடத்தும் கிளை. பிரான்சைஸ் என்பது கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையை வாங்கி, சொந்த முதலில் நடத்தும் கடை. காதுக்கு ஒட்டிக்கொண்டு கேட்பதால் ஈரோட்டிலும் திருப்பூரிலும் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பிராஞ்ச் என்பது விலங்கின் காலடியைக் குறித்த 'பிராங்கா' என்ற பிற்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரான்சைஸ் பிறந்தது 'பிராங்க்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லில். பிராங்குகள் என்பது இன்றைய பிரான்ஸைப் பிடித்து ஆண்ட ஜெர்மானிய இனம். அந்த நாட்டில் தளை இல்லாத குடிகள் அவர்களே என்பதால், இனத்தின் பெயரே 'கட்டற்றவன்' என்ற பொருளுக்கு மாறிப்போனது. ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறவரை ஆங்கிலத்தில் 'பிராங்க்' என்பதும் அந்த வழியில் வந்ததுதான். ஆகப் பழைய பிரெஞ்சில் பிரான்சைஸ் என்றால் சுதந்திரம்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

இங்கிலாந்துக்குப் போனபோது சொல் கொஞ்சம் சுருங்கியது. சந்தை கூட்டுவது, படகுத்துறை நடத்துவது, சுங்கம் வாங்குவது எல்லாம் அரசன் கையில் இருந்த காலம். அதில் ஒன்றை ஒரு ஆளுக்கோ ஊருக்கோ அரசன் விட்டுக் கொடுத்தால் அது பிரான்சைஸ். பிறகு அது வாக்குரிமையையும் குறித்தது. 1932இல் நம் நாட்டில் யார் யாருக்கு ஓட்டுக் கொடுக்கலாம் என்று ஆராய வந்த லோதியன் குழுவின் முறையான பெயர் 'இந்தியன் பிரான்சைஸ் கமிட்டி'. அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு சொல்லும் வயது வந்தோர் வாக்குரிமையையும் ஆங்கிலத்தில் 'பிரான்சைஸ்' என்று சொல்வதுண்டு.

கடைக்கு இந்தப் பெயர் ஒட்டியது அமெரிக்காவில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிங்கர் தையல் மெஷினை விற்கும் உரிமையை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார்கள். 1899இல் கோகோ கோலாவைப் பாட்டிலில் அடைக்கும் உரிமையை இரண்டு வக்கீல்கள் ஒரே ஒரு டாலருக்கு வாங்கினார்கள். 1955இல் ரே கிராக் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்த பிறகு, பெயரோடு சேர்த்துச் சமையல் முறை, சீருடை, நாற்காலியின் நிறம் வரை வாடகைக்கு விடும் பழக்கம் உலகமெங்கும் பரவியது.

கூடவே வந்த ராயல்டி என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். பெயரைப் போட்டுக்கொள்வதற்காகக் கடைக்காரர் கம்பெனிக்குக் கட்டும் தொகை அது. அரசனுக்குச் சேர வேண்டியது என்பதே அதன் பழைய பொருள். கம்பெனிக்குக் கிரீடம் மட்டும் இல்லை, மற்றபடி பழைய ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

மச்சான் கடையின் கணக்கு நோட்டைப் புரட்டினால் தகராறு எங்கே முளைக்கிறது என்று தெரியும். எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். மாத விற்பனை 3 லட்சம், ராயல்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாய் கம்பெனிக்கு. இது லாபத்தில் பங்கு கிடையாது, விற்பனையில் பங்கு. கடை வாடகை, கரண்ட் பில், மாஸ்டர் சம்பளம், பால் பாக்கி எல்லாம் போய் மச்சானுக்கு 20,000 நின்றாலும் அந்த 15,000 போகும், ஒன்றுமே நிற்காவிட்டாலும் போகும். அப்புறம் டீத்தூள், பேப்பர் கப், பெயர் அச்சடித்த டிஷ்யூ எல்லாமே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். அதே கனத்தில் கப் ஈரோடு மார்க்கெட்டில் குறைந்த விலைக்குக் கிடைப்பதை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். குறித்து வைத்து என்ன செய்ய? ஒப்பந்தம் அப்படி.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று மேலிடம் அறிவிக்கும்போது முடிச்சு இன்னும் இறுகுகிறது. விற்பனை ஏறினால் கம்பெனிக்கு வரவு. இலவச டீயின் பாலும் சர்க்கரையும் கடைக்காரர் தலையில். இந்தச் சண்டை நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதில்லை. 2009இல் அமெரிக்காவில் பர்கர் கிங் தன் டபுள் சீஸ்பர்கரை ஒரு டாலருக்கு விற்கச் சொன்னபோது, அதைச் செய்யவே ஒரு டாலருக்கு மேல் ஆகிறது என்று கடைக்காரர்களின் சங்கமே கம்பெனி மேல் வழக்குப் போட்டது. உச்ச விலையை வைக்கும் அதிகாரம் ஒப்பந்தப்படி கம்பெனிக்கு உண்டு என்றுதான் நீதிமன்றம் சொன்னது.

சரி, இப்படிக் கூடிப் பேசும் கடைக்காரர்களை என்னவென்று அழைப்பது? தொழிலாளியா, முதலாளியா? ஜப்பானில் கன்வீனியன்ஸ் ஸ்டோர் நடத்துபவர்கள் இந்தக் கேள்வியோடு பல வருடம் அலைந்தார்கள். கம்பெனியின் விதிகளைத் தாங்க முடியாமல் சங்கம் வைத்து, கம்பெனி எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். மாநில அளவிலான தொழிலாளர் ஆணையங்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. 2019இல் மத்திய ஆணையம், நீங்கள் தனி வியாபாரிகள், தொழிலாளர்கள் இல்லை, கம்பெனி பேசியாக வேண்டிய கட்டாயமில்லை என்று முடித்துவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ வேறு வழியில் போனது. தொழிலாளியா என்ற கேள்விக்குள் நுழையாமல், கடைக்காரர்கள் ஒன்றுசேர்வதைக் கம்பெனி தடுக்கக் கூடாது என்று 2000இல் கொண்டுவந்த ஆர்தர் விஷார்ட் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஓட்டுகிறோம். சேவை வரி போடுவதற்காக மட்டும் 1994ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குள் பிரான்சைஸுக்கு ஒரு வரையறையைச் சேர்த்தார்கள்.

தமிழ் முதலாளி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முதல் போட்டு ஆள்பவர் முதலாளி. மச்சான் முதல் போட்டிருக்கிறார், சீட்டுப் பணமும் அக்கா நகையும் அதில் இருக்கின்றன. ஆள்வது வேறொருவர்.

இந்த அரைகுறை நிலைக்குப் பெயர் வைக்கக் கொங்கு நாட்டுக்காரன் இங்கிலாந்துக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டியதில்லை. சோமனூருக்கோ பல்லடத்துக்கோ போனால் போதும். அங்கே தறி வைத்திருப்பவருக்குத் தறி சொந்தம், ஷெட் சொந்தம், கரண்ட் பில்லும் சொந்தம். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். துணியை நெய்து திருப்பிக் கொடுத்தால் கூலி. அவர்கள் வைத்திருக்கும் அமைப்பின் பெயரில் 'கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறி உரிமையாளர்கள்' என்ற தொடர் வருகிறது. ஒரே மூச்சில் கூலியும் உரிமையாளரும்! எந்த அகராதிக்காரரும் உட்கார்ந்து யோசித்து எழுதியதில்லை அது. இருக்கிற நிலையை உள்ளபடி சொன்னார்கள், சரியான சொல் வந்துவிட்டது.

2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள். அது கைக்கு வராததால் 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஒரு மாதத்துக்கும் மேல் தறிகள் நின்றன. அந்த நாட்களில் சோமனூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தறிச் சத்தம் இல்லாத தெரு எவ்வளவு விநோதமாக இருக்கும் என்று. அதை அவர்கள் 'உற்பத்தி நிறுத்தம்' என்பார்கள். வேலையை நிறுத்துவது தொழிலாளி, உற்பத்தியை நிறுத்துவது உரிமையாளர் என்ற நுணுக்கம் அதில் இருக்கிறது. கறிக்கோழிப் பண்ணைக்காரர் கதையும் இதே மாதிரிதான். கொட்டகை அவருடையது, குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, கைக்கு வருவது 'வளர்ப்புக் கூலி'.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். எழுத்தில் 'கிளையுரிமை' என்று பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கிளை என்றதும் பந்தியில் கேட்ட அந்த "கம்பெனி சம்பளந்தானுங்களா" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கிளையில் நஷ்டம் வந்தால் மரத்துக்கு வலிக்கும். இங்கே அப்படி இல்லை. 'வணிக உரிமம்' என்றால் நகராட்சியில் வாங்கும் லைசென்ஸ். 'முகவர்' என்றால் ஏஜென்ட், அவர் இன்னொருவருக்காகச் செயல்படுபவர், பெட்டிக்கடை அளவில்கூட முதல் போட வேண்டும் என்பதில்லை.

உண்மையில் கைமாறுவது பெயர். அதனால் 'பெயருரிமை' என்பேன். பேச்சு வழக்கில் 'பேருரிமை' என்று சொல்லிவிடாதீர்கள், பெரிய உரிமை என்று ஆகிவிடும், மச்சான் சிரிப்பார். பெயரோடு செய்முறையும் சேர்ந்து வருகிறதே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் டீ போடும் முறை நாலு நாளில் கைவந்துவிடும். போர்டில் இருக்கும் பெயருக்குத்தான் பணம். கடை நடத்துபவரைப் 'பெயருரிமையாளர்' என்றும் சொல்லக் கூடாது, அது பெயருக்குச் சொந்தக்காரரான கம்பெனியைக் குறித்துவிடும். 'பெயருரிமைக் கடைக்காரர்' என்றால் குழப்பம் இல்லை. கம்பெனிக்குத் 'தாய் நிறுவனம்' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. தாய் என்று ஏன் சொன்னார்களோ, போகட்டும்.

கூடிப் பேசுவதற்குக் 'கூட்டுப் பேரம்' என்ற சொல் தொழிற்சங்கங்களில் நன்றாகவே ஊறியிருக்கிறது. இதில் பேரம் என்பதைக் கவனிக்க வேண்டும். புளியம்பட்டி மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளுக்கு மட்டும்தான் விலை தெரியும். பக்கத்தில் அதே மாதிரி மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத் தெரியாது. பெயருரிமை ஒப்பந்தத்தில் 'நிபந்தனைகளை வெளியில் சொல்லக் கூடாது' என்று ஒரு வரி இருக்குமே, அதுதான் அந்தத் துண்டு. மச்சானும் பெருந்துறைக் கடைக்காரரும் பவானிக் கடைக்காரரும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே டீத்தூள் மூவருக்கும் மூன்று விலையில் வந்துகொண்டிருப்பது தெரிந்துவிட்டது.

சங்கம் என்ற சொல் வடமொழி வழி வந்தது, புழங்கிப் புழங்கி நம்முடையதாகிவிட்டது. வணிகர் கூட்டத்துக்கு இதைவிடப் பழைய பெயர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் தோண்டியபோது கிடைத்த பானை ஓடு ஒன்றில் 'நிகம' என்று எழுதியிருந்தது. மதுரைக்குப் பக்கம் மாங்குளம் கல்வெட்டில் 'வெள்ளறை நிகமத்தோர்' வருகிறார்கள். நிகமமும் வடக்கிலிருந்து வந்த சொல்தான், ஆனால் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. நம் டீக்கடைக்காரர்களுக்கு அந்தப் பெயரை வைக்கலாமே என்று ஆசையாகச் சொன்னேன். "மெடிக்கல் ஷாப் பேராட்டம் இருக்குதுங்க" என்றார் பவானிக்காரர்.

கடைசியில் 'பெயருரிமைக் கடைக்காரர்கள் நலச் சங்கம், ஈரோடு மாவட்டம்' என்று ஒத்துக்கொண்டார்கள். லெட்டர்பேடும் அடித்தாயிற்று. ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர்தான் வட்டத்துக்குள் இவ்வளவு எழுத்து உட்காராதுங்க, ஒரு வார்த்தையை எடுங்க என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் 'பெயருரிமை'யை எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது கம்பெனிக்குப் போகும் மனுக்களில் 'கடைக்காரர்கள் நலச் சங்கம்' என்றுதான் முத்திரை விழுகிறது.