ஓடுகிற நிரலுக்கு மதிப்பெண் போடும் முன்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை எடுக்கும் ஆசிரியராக, சில ஆண்டுகளாக வாரத்துக்கு ஒரு பாடவேளையை நிரலாக்கத்துக்கு, அதாவது கணினிக்குப் படிப்படியாகக் கட்டளை எழுதும் கோடிங்குக்கு, ஒதுக்கி வருகிறேன். நமது மாநிலப் பாடத்திட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்குக் கணினி தனிப் பாடமாக இல்லை. ஆறாம் வகுப்பு அறிவியல் பாடநூல் கணினியை அறிமுகம் செய்கிறது. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இறுதிப் பாடத்தில், கட்டளைத் துண்டுகளைத் திரையில் இழுத்துப் பொருத்தி நிரல் உருவாக்கும் ஸ்கிராட்ச் மென்பொருள் இடம்பெற்றிருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020-உம் கோடிங் செயல்பாடுகளை நடுநிலை வகுப்புகளில்தான் வைத்திருக்கிறது. ஆனால் பெற்றோர் அதுவரை காத்திருப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கோடிங் வகுப்பு, மாதக் கட்டணம், முடிவில் ஒரு சான்றிதழ் என்பது சிறு நகரங்களிலும் வழக்கமாகிவிட்ட நிலையில், அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

தனியார் வகுப்பு ஒன்றில் படித்துவிட்டு வந்த ஒரு மாணவன், தான் செய்த விளையாட்டை எங்கள் பள்ளி மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினான். மேலிருந்து விழும் ஆப்பிள்களைக் கூடையில் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் ஆப்பிளுக்கும் 1 புள்ளி. வகுப்பே கைதட்டியது. ஓர் ஆப்பிளுக்கு 5 புள்ளி கிடைக்கும்படி மாற்றித் தரச் சொன்னேன். கட்டளைகளை மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, "அது சார் போட்டுக் கொடுத்தது" என்று மெல்லிய குரலில் சொன்னான். அவன் மீது எந்தக் குறையும் இல்லை. பிறர் எழுதிய நிரலைப் பார்த்துப் பார்த்துச் செய்வது கற்றலின் முதல் படி. அந்தப் படியிலேயே சான்றிதழைக் கொடுத்து அனுப்பியதுதான் பெரியவர்கள் செய்த தவறு. அதே தவறை நானும் என் முதல் ஆண்டில் செய்தேன். ஸ்கிராட்சில் நம் கட்டளைப்படி நகரும் பூனை திரையில் நடந்தால் முழு மதிப்பெண், நடக்காவிட்டால் பாதி என்று போட்டுக்கொண்டு வந்தேன். பூனை ஏன் நடக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை, அந்த முறையில் பாதி மதிப்பெண்ணோடு போய்விட்டது.

இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கணினிப் பாடத்திட்டம் 5 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளிடம் எதிர்பார்ப்பவை எனக்குப் பெரிதும் உதவின. நெறிமுறை, அதாவது ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான படிப்படியான வழி, என்றால் என்ன என்று புரிந்துகொள்வது, எளிய நிரலை எழுதிப் பிழை திருத்துவது ஆகியவற்றோடு, ஒரு நிரல் ஓடினால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே காரணத்தோடு சொல்வதும் அதில் இருக்கிறது. அங்கும் தொடக்கப் பள்ளியில் கணினிக்கென்று தேசியத் தேர்வு கிடையாது. ஆகவே பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பது வகுப்பாசிரியரின் கண்ணிலும் காதிலும்தான் இருக்கிறது.

இதற்குக் கணினி வேண்டியதில்லை. மார்கழி மாதத்தில் நான்காம் வகுப்பில் நான் செய்யும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். "7 புள்ளி, 4இல் முடியும் இடுக்குப் புள்ளி" என்பது கோலம் போடுகிற எல்லோருக்கும் பழகிய தொடர். நடு வரிசையில் 7, அதன் இரு பக்கமும் 6, 5, 4 என்று, முந்தைய வரிசையின் இடைவெளிகளில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் மொத்தம் 37 புள்ளிகள் வரும். இவ்வளவையும் அந்த ஒரு வரி தனக்குள் வைத்திருக்கிறது. இதைக் கோலமே போட்டுப் பழகாத ஒருவருக்கு விளக்கும்படி ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் சொன்னதை மட்டும்தான் செய்யலாம், சொல்பவர் தரையைப் பார்க்கக் கூடாது.

ஒரு மாணவி இப்படிச் சொன்னாள்: "ஏழு புள்ளி வை. அடுத்த வரிசை ஆறு, இடுக்குல வை. நாலு வர்ற வரைக்கும் ஒண்ணொண்ணா குறைச்சிக்கிட்டே போ." பையன் 7, 6, 5, 4 என்று 22 புள்ளி வைத்துவிட்டுச் சாக்கட்டியைக் கீழே போட்டான். திரும்பிப் பார்த்தவள், "பாதியிலேயே நிறுத்திட்டான் சார்!" என்று கோபப்பட்டாள். அவனோ, "நாலு வந்திருச்சே" என்றான். இருவரும் சற்று நேரம் வாதாடினார்கள். நான் குறுக்கிடவில்லை. பிறகு அவளே தன் சிலேட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்து, "ஆறு" என்ற சொல்லுக்கு முன்னால் "மேலேயும் கீழேயும்" என்று சேர்த்தாள். பிழை செய்தவனிடம் இல்லை, தான் கொடுத்த கட்டளையில் இருக்கிறது என்று அவள் கண்டுகொண்ட அந்த இரண்டு நிமிடங்கள்தான் மதிப்பீடு. அன்று குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: "விடுபட்டதைத் தானே கண்டுபிடித்தாள். 'நாலு வர்ற வரைக்கும்' என்று நிற்குமிடம் சொல்லத் தெரிகிறது." பின்னாளில் திரையில், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் மடக்கு என்ற கட்டளையைக் காட்டியபோது அவளுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

ஐந்தாம் வகுப்பில் திரைக்கு வந்த பிறகும் முதலில் காகிதத்தைத்தான் கொடுக்கிறேன். ஒரு சீட்டில் "4 முறை திரும்பச் செய்" என்ற மடக்குக்குள் "50 அடி நகர், 90 பாகை திரும்பு" என்ற இரண்டு கட்டளைகளும் இருக்கும். இன்னொரு சீட்டில் "50 அடி நகர்" மட்டும் மடக்குக்குள் இருக்கும். "90 பாகை திரும்பு" அதற்கு வெளியே, அடியில் இருக்கும். பூனை போகும் பாதையை இரண்டுக்கும் வரையச் சொல்கிறேன். இரண்டுக்கும் சதுரமே வரைகிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இரண்டாவது சீட்டில் பூனை 200 அடி நேராகப் போய் ஒரே ஒரு முறைதான் திரும்பும். இதைத் தவறாக வரைந்த பிள்ளையும், திரையில் கட்டளைகளை இழுத்துப் போட்டுப் பார்த்துப் பார்த்து ஏதோ ஒரு கட்டத்தில் சதுரத்தைக் கொண்டுவந்துவிடும். திரையை மட்டும் பார்க்கிற ஆசிரியருக்குச் சரியாக வரைந்த பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். வரைந்து முடித்த பிறகே ஓட்டிப் பார்க்க விடுகிறேன். தன் படமும் பூனையின் பாதையும் வேறுபடும்போது பிள்ளை முகத்தில் வரும் யோசனையை அவசரப்பட்டுக் கலைக்காமல் இருப்பது ஆசிரியருக்குக் கொஞ்சம் கடினமான பயிற்சிதான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மடிக்கணினியில் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை அங்கே தடுமாறினால், தடுமாறியது நிரலாக்கத்திலா ஆங்கில வாசிப்பிலா என்று நமக்குத் தெரியாது. அதனால் மதிப்பீட்டுக்குரிய சீட்டுகளை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன். 5 முதல் 7 வயதுக்காக உருவான ஸ்கிராட்ச் ஜூனியர் செயலியில் கட்டளைகள் படங்களாகவே இருப்பதால் சிறு வகுப்புகளில் இந்தச் சிக்கல் குறைகிறது.

அடுத்தது மவுஸ். நான்கு பேருக்கு ஒரு மடிக்கணினி என்றால், மவுஸைப் பிடித்திருக்கும் பிள்ளைக்குத்தான் நம்மை அறியாமல் மதிப்பெண் போகிறது. என் வகுப்பில் அது பெரும்பாலும் ஒரு பையனின் கையிலேயே இருந்தது. பெண் பிள்ளைகள் பின்னால் நின்று வாயால் சரியான யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கை மாறுகிறது. விளக்கம் கேட்கும்போதும் மவுஸ் கையில் இல்லாத பிள்ளையிடமே கேட்கிறேன்.

இதையெல்லாம் எங்கே பதிவது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நம் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் இருக்கிறது. கோலப் பயிற்சியைக் கணக்கின் வளரறிச் செயல்பாடாகவும், அதைப் பிறருக்கு வாயால் விளக்குவதைத் தமிழின் பேச்சுத்திறன் செயல்பாடாகவும் தாராளமாகச் சேர்க்கலாம். புதிய பதிவேடு தேவையில்லை. நிரலாக்கத்துக்கென்று நான் எண்ணால் மதிப்பெண் போடுவதில்லை. தானாகச் செய்தது, ஒரு கேள்வி கேட்டதும் செய்தது, இன்னும் வரவில்லை என்று மூன்றே குறிப்புகள். ஒரு பாடவேளையில் ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனித்து எழுதினால், பருவம் முடிவதற்குள் எல்லோரையும் இரண்டு முறையாவது பார்த்துவிட முடிகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய், தன் மகளை வெளியில் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டார். ஒரு நாள் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பிழையுள்ள ஒரு நிரலைக் கொடுத்து, எங்கே தவறு என்று பிள்ளைகளையே தேட விடுகிறார்களா, அல்லது தவறு வந்ததும் சொல்லித் தருபவர் கையை நீட்டி மவுஸை வாங்கிக்கொள்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள் என்றேன். அடுத்த வாரம் அவர் வந்து, மூன்று முறை மவுஸ் சொல்லித் தருபவர் கைக்குப் போனது சார் என்றார்.