இது எந்த ஊர் என்று கேட்காதீர்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், கிருமாம்பாக்கம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் மஞ்சக்குப்பம், சேர்த்திருப்பது பாண்டியில். கண் விழித்துவிட்டார், பேசுகிறார், மனைவியை அடையாளம் தெரிகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "மாமா, இது எந்த ஊரு, சொல்லுங்க பாக்கலாம்?" அவர், "கடலூர் பெரியாஸ்பத்திரி" என்கிறார். "ஐயோ இல்ல மாமா, பாண்டி!" மறுநாளும் கடலூர்தான். அதற்கடுத்த நாள் இன்னும் அழுத்தமாகக் கடலூர்.

மூளைக்காயப் பிரிவில் உளவியல் உதவியாளராக இருக்கும் எங்களுக்கு வரும் முதல் வேலைகளில் ஒன்று, இந்தக் கேள்வியை நிறுத்தச் சொல்வது. சொன்னால் முறைப்பார்கள். ஞாபகத்தைக் கிளறிவிடத்தானே கேட்கிறோம் என்பது அவர்கள் நியாயம். போதாததற்கு நாங்களே அதைக் கேட்பதையும் பார்த்திருப்பார்கள். தலையில் அடிபட்டவர் எவ்வளவு தெளிந்திருக்கிறார் என்று பார்க்கும், 1979-ல் வெளியான கால்வெஸ்டன் சோதனையில் பெயர், ஊர், தேதி எல்லாம் கேட்டு மதிப்பெண் போடுவோம். ஆனால் அளப்பது வேறு, கற்றுக்கொடுப்பது வேறு.

தப்பாகச் சொன்னதை நாம் திருத்திக்கொள்வது எப்படி? 'நேற்று இப்படிச் சொன்னேன், இல்லை என்றார்கள்' என்ற சம்பவம் நினைவில் நிற்பதால்தான். இந்தச் சம்பவ நினைவுக்கு ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி வேண்டும். அது காதுக்கு உட்பக்கமாக, மூளையின் பக்கவாட்டுப் பகுதியான பொட்டு மடலின் உள்ளே இருக்கிறது. மண்டையோட்டின் உள்தரை முன்மடலுக்கும் பொட்டு மடலுக்கும் அடியில் கரடுமுரடானது. தலை வேகமாக மோதி நிற்கும்போது மூளை அங்கேதான் அதிகம் உரசிக் கன்றிப்போகிறது.

ஆனால் பழக்கமாகப் படியும் இன்னொரு வகை நினைவு பல நேரம் தப்பித்துவிடும். அதற்குச் சரி, தப்பு தெரியாது. வாயில் வந்தது எதுவோ அதை அடுத்த முறை இன்னும் சுலபமாக வரவைக்கும், அவ்வளவுதான். நம் மஞ்சக்குப்பத்துக்காரர் ஒவ்வொரு முறை 'கடலூர்' என்று ஊகிக்கும்போதும் அந்தப் பதில் ஒரு சுற்று பலப்படுகிறது. திருத்தியது மட்டும் மறந்துபோகிறது.

இப்படி ஒரு நினைவு உள்ளே தங்கும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. 1911-ல் கிளாபரேத் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், விரல்களுக்கிடையே குண்டூசியை ஒளித்துவைத்துக்கொண்டு, மறதி நோயாளி ஒருவருக்குக் கை கொடுத்ததை எழுதினார். (இன்று செய்தால் வேலை போய்விடும்.) அடுத்த முறை கை நீட்டியபோது அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். குத்தியது துளியும் நினைவில்லை; கை மட்டும் வர மறுத்தது.

1994-ல் பிரிட்டனில் பேடலி, வில்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் இதைச் சிகிச்சைப் பக்கம் திருப்பினார்கள். ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைக் கொடுத்துச் சிலமுறை ஊகிக்கவிட்டுக் கற்றுக்கொடுப்பது ஒரு முறை. ஊகிக்கவே விடாமல் விடையைச் சொல்லி எழுதவைப்பது இன்னொன்று. கடும் மறதி உள்ளவர்கள் இரண்டாவது முறையில் தெளிவாக நன்றாகக் கற்றார்கள். 'பிழையில்லாக் கற்றல்' என்பது இதுதான்.

நடைமுறையில் இப்படி: வருகிறவர் கேள்வி கேட்காமல், "மாமா, பாண்டி ஆஸ்பத்திரியில இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, உடனே அவரையும் சொல்லவைக்க வேண்டும். அரை நிமிஷம் கழித்து மறுபடி, அப்புறம் இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று இடைவெளியைக் கூட்டலாம். தடுமாறினால் "பாண்..." என்று எடுத்துக்கொடுங்கள், யோசிக்கவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம். யார் எப்போது சொன்னார்கள், எங்கே சறுக்கினார் என்று குறித்து மருத்துவ உளவியலாளரிடம் காட்டுவது எங்கள் வேலை. பாதி நாள் இதிலேயே போகும்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. மறதி லேசாக இருந்தால், தானே முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதுதான் நல்லது. இன்னொரு குறையும் உண்டு: இப்படிக் கற்றது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிற இடத்துக்குச் சட்டென்று நகராது. போனில் அலாரம் அடித்ததும் சட்டைப்பை நோட்டைத் திறந்து, மாத்திரை போட்டு, டிக் அடிக்கப் பல நாள் பழக்கியிருப்போம். டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்தில் மகன் புதுப் போன் வாங்கிக் கொடுப்பான். அலாரம் ஓசை மாறிவிடும். கை நோட்டுப் பக்கமே போகாது. குறைந்தபட்சம் அந்தப் பழைய ஓசையையாவது புதுப் போனில் ஏற்றிக் கொடுங்கள்.