வயோமிங்கில் ப்ராங்ஹார்ன் வேட்டை: உரிமம் வந்தாலும் நிலம் வேண்டும்

ப்ராங்ஹார்ன் மான்கள் அதிகம் மேய்வது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் புல்வெளிகளில்தான். வெளிமாநிலத்தவர் அங்கே ரைஃபிளோடு இறங்க வேண்டுமானால், மாநில வனவிலங்குத் துறையின் குலுக்கலில் முதலில் பெயர் விழ வேண்டும். விண்ணப்பத்தில் இந்த மானுக்கு 'ஆன்டிலோப்' என்றுதான் போட்டிருக்கும்.

மாநிலம் முழுவதும் எண்ணிட்ட வேட்டைப் பகுதிகள். எந்தப் பகுதிக்கு எத்தனை உரிமம் என்பதை மந்தையின் நிலவரம் பார்த்து ஆண்டுதோறும் முடிவு செய்கிறார்கள். 1ஆம் வகை உரிமத்தில் கிடா, பெட்டை எதையும் சுடலாம். 6ஆம் வகை பெட்டைக்கும் குட்டிக்கும் மட்டும். வெளிமாநிலத்தவருக்கான 1ஆம் வகையில் 75 சதவீதம், முன்னுரிமைப் புள்ளி (ஆண்டுதோறும் கட்டணம் கட்டிச் சேர்ப்பது) அதிகம் சேர்த்தவர்களுக்குப் போய்விடும். மீதி 25 சதவீதத்தில் புள்ளியே இல்லாதவருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாம். 1966 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் தேவை.

சரி, உரிமம் வந்துவிட்டது. தலைவலி இனிமேல்தான். அந்தக் காகிதம் மானைச் சுடத்தான். யார் நிலத்திலும் நுழைவதற்கல்ல. 19ஆம் நூற்றாண்டில் யூனியன் பசிபிக் ரயில் பாதைக்காக ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்தார்கள். அதனால் தென் வயோமிங்கின் பெரும்பகுதி இன்றும் சதுரங்கப் பலகைதான்: ஒரு கட்டம் அரசுடையது, பக்கத்துக் கட்டம் தனியாருடையது. மான் இங்கே நிற்கும், வெருண்டால் நொடியில் அங்கே போய்விடும். நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் பின்னால் போனால் வழக்குதான். இரண்டு அரசுக் கட்டங்கள் தொடும் மூலையைத் தாண்டலாமா என்பது நெடுநாள் தகராறு. 2021இல் எல்க் மலையருகே சில வேட்டைக்காரர்கள் மூலையில் ஏணி வைத்து, தனியார் மண்ணை மிதிக்காமல் இறங்கினார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் அவர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனாலும் மூலையை நம்பி விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம் இல்லை. பொது நிலத்துக்கு வழி கடினமான பகுதிகளைத் துறையே குறித்து எச்சரிக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நிலத்துக்காரர்களோடு பேசி, துறை நடந்துபோய் வேட்டையாடத் திறந்துவிட்டிருக்கும் இடங்களும் உண்டு.

வேட்டை நாளில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடுப்பு கட்டாயம். வண்டிக்குள்ளிருந்தோ பொதுச் சாலையிலிருந்தோ சுடக்கூடாது. மான் விழுந்ததும், இடத்தை விட்டு நகரும் முன்பே உரிமத்திலுள்ள கூப்பனைக் கிழித்துத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் உடனே தோலை உரித்துப் பனிக்கட்டியில் வையுங்கள். செப்டம்பர் வெயிலில் இறைச்சி சீக்கிரம் கெட்டுவிடும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவதும் அங்கே குற்றம்.