மஜ்ஜைக்குள் உறங்கும் செல்கள்

அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ முடிந்ததும் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள். புற்றுச் செல் எதுவும் கண்ணில் படவில்லை என்று டாக்டர் சொன்னால் வீட்டில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வரும். ஆனால் பலருக்கு சில மாதங்களிலேயே நோய் மறுபடி தலைதூக்கிவிடுகிறது. அதுவரை அது எங்கே இருந்தது?

1994-ல் டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர் நோயாளிகளின் புற்றுச் செல்களை, நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். எல்லாச் செல்லும் நோயை உண்டாக்கவில்லை. ஏறக்குறைய இரண்டரை லட்சத்தில் ஒன்றுக்குத்தான் அந்தத் திறன் இருந்தது. அதுதான் லுக்கீமியா ஸ்டெம் செல், நோயின் விதைநெல்.

இந்தச் செல்களில் பல, எலும்பின் உட்சுவரை ஒட்டிய பகுதியில் இரண்டாகப் பிரிந்து பெருகாமல் உறங்கிக் கிடப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். சைட்டராபின் போன்ற கீமோ மருந்து, டிஎன்ஏவை நகலெடுத்துப் பிரிகிற செல்லைத்தான் கொல்லும், தூங்குகிற செல் நகலெடுப்பதே இல்லை, அப்புறம் மருந்து அதை என்ன செய்யும்?

அங்கே அதைப் பிடித்து வைத்திருப்பது நம் மஜ்ஜையேதான். மஜ்ஜையின் தாங்கு செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி அதை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து சேர, விஎல்ஏ-4 என்ற இன்னொரு புரதம் பக்கத்துச் செல்லைக் கொக்கி போட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. இது ரத்த அணுக்களை உருவாக்கும் நல்ல ரத்த ஸ்டெம் செல்லுக்காக உடம்பு கட்டி வைத்த வீடு, அதே வீட்டில்தான் புற்றுச் செல்லும் குடியேறுகிறது, அதனால் வீட்டை இடித்தால் நல்லதும் சேர்ந்து போகும்.

என்னை ரொம்பவே பாதித்தது மைட்டோகாண்ட்ரியா விஷயம். புற்றுச் செல் சூப்பராக்சைடு என்ற வேதிப்பொருளை வெளியிட்டுத் தாங்கு செல்லுக்கு நெருக்கடி கொடுக்கிறது. புற்றுச் செல் நீட்டும் மெல்லிய நுண்குழாய் வழியாக, தாங்கு செல் சக்தி தயாரிக்கும் தன் மைட்டோகாண்ட்ரியாவையே அதற்குக் கொடுத்துவிடுகிறது! பிரிட்டன் ஆய்வாளர்கள் 2017-ல் இதை விளக்கினார்கள். பக்கத்து வீட்டை மிரட்டி அடுப்பையே தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி.

சரி, பிடியைத் தளர்த்தி வெளியே இழுத்துவிட்டால்? மாற்று சிகிச்சைக்குச் சேகரிப்பதற்காக ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவைக்கக் கொடுக்கும் பிளெரிக்ஸாஃபரை கீமோவோடு சேர்த்து நோயாளிகளிடம் முயன்றார்கள். அது சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும் மருந்து. செல்கள் வெளியே வரத்தான் செய்தன, ஆனாலும் இந்தச் சேர்க்கை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஒரு கொக்கியைக் கழற்றினாலும் விஎல்ஏ-4 போன்ற மற்றக் கொக்கிகள் மாட்டியபடியே இருக்கின்றன.