அடிபட்ட பூனையின் நகத்தைப் பாருங்கள்

இரவெல்லாம் காணாமல் போன பூனை விடிந்ததும் வீடு திரும்புகிறது. ரத்தம் இல்லை, நொண்டவும் இல்லை. நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. எங்கேயோ சண்டை போட்டு வந்திருக்கும் என்று விட்டுவிடத் தோன்றும். அதற்கு முன் பாதத்தை மெல்ல அழுத்தி நகங்களைப் பாருங்கள். நுனிகள் பிளந்து, சிம்பு சிம்பாகப் பிய்ந்திருந்தால் வண்டியில் அடிபட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கி வீசப்படும் பூனை தரையைப் பற்றிக்கொள்ள நகங்களை நீட்டும். அந்த வேகத்தில் சாலை அவற்றை அரம்போல ராவிவிடும்.

இவ்வளவு சுறுசுறுப்பான பிராணி ஏன் விலகவில்லை? பூனையின் கண் மங்கலான வெளிச்சத்துக்காக அமைந்தது. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு, தப்பிப்போன ஒளியை மறுபடி விழித்திரைக்கே திருப்பி அனுப்புகிறது. இருட்டில் கண்மணி அகலத் திறந்திருக்கும்போது ஹெட்லைட் பாய்ந்தால் கண் கூசிப்போகும். அப்புறம் அதன் சுபாவம்: ஆபத்து என்றால் முதலில் பதுங்கும், பிறகு மறைவிடத்தை நோக்கிப் பாயும். நாயிடம் தப்பிக்க அது போதும். மறைவிடம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தால், பாய்வது சக்கரத்துக்கு முன்னால்தான். துணை தேடி நெடுந்தூரம் சுற்றும் இளம் ஆண் பூனைகள்தான் அதிகம் அடிபடுகின்றன.

மோதலில் தாடையும் இடுப்பெலும்பும் உடைவது சகஜம். அவை பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். எனக்குப் பெரும் கவலை தருவது மார்புதான். அடியில் நுரையீரல் கன்றிப்போகிறது. நம் தோலில் ரத்தம் கட்டுவது போலத்தான், ஆனால் இங்கே ரத்தம் கசிவது காற்றறைகளுக்குள். முதல் சில மணி நேரம் பூனை ஓரளவு நன்றாகவே மூச்சுவிடும். கசிவும் வீக்கமும் கூடக்கூட, ஒரு நாளுக்குள் மூச்சுத்திணறல் மோசமாகலாம். வயிறு நசுங்கும்போது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிவதும் உண்டு. ஈரலும் குடலும் அந்த ஓட்டை வழியாக மேலேறி நுரையீரலை நெருக்கும். சில பூனைகளில் இது பல வாரம் கழித்துத்தான் தெரியவருகிறது.

ஆகவே மூச்சை எண்ணுங்கள். அமைதியாகப் படுத்திருக்கும் பூனை நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சுவிடுவது அரிது. 40-ஐத் தாண்டினாலோ வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். காதும் பாதமும் சில்லிட்டு, அசையாமல் கிடக்கும் பூனை ஓய்வெடுக்கவில்லை. அது ரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையாக இருக்கலாம். அந்த நிலையில் நாயின் இதயம் படபடக்கும். பூனைக்குப் பெரும்பாலும் துடிப்பு குறைந்து உடம்பு குளிர்ந்துபோகும்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரை எடுக்கலாம். உட்காரும் அளவுக்குப் பெட்டி ஒன்று, உள்ளே ஒரு துண்டு, அதிகம் புரட்டாமல் தூக்கி வைப்பது, சரி, வீட்டில் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

வாலையும் பார்க்க வேண்டும். பூனை தப்பி ஓடும்போது டயர் வாலை மட்டும் பிடித்துக்கொண்டால், முதுகெலும்பின் கடைசிப் பகுதியில் நரம்புகள் வெடுக்கென்று இழுபடும். வால் துணிபோலத் தொங்கும். சிறுநீர்ப்பையை இயக்கும் நரம்புகளும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. வால் செத்த பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் தவிப்பது அதனால்தான். மருத்துவர் வாலின் அடிப்பாகத்தைக் கிள்ளிப் பார்ப்பார். பூனை திரும்பிச் சீறினால் நல்ல செய்தி, அங்கே உணர்ச்சி இருக்கிறது. இல்லாவிட்டாலும் அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம், நரம்பு மீள ஒரு மாதம்வரை ஆகலாம். அதுவரை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் சில முறை அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும்.