கால் டேங்க் டீசல் எந்த உயரத்தில் நிற்கும்?

கிருஷ்ணகிரியில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்துப் பங்க்குகளில் காலையில் தரை மூடியைத் திறந்து டிப் ராடை (அளவு குறித்த கம்பியை) உள்ளே விடுவார்கள். நனைந்த உயரத்தை டிப் சார்ட்டில், அதாவது உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அட்டவணையில், பார்த்தால் லிட்டர் தெரிந்துவிடும். மாம்பழ சீசனில் லாரிகள் வரிசை கட்டும்போது அடுத்த லோடு எப்போது சொல்வது என்பதற்கு இந்த அளவுதான் ஆதாரம்.

மண்ணுக்குள் இருப்பது படுக்க வைத்த உருளை. விட்டம் 2 மீட்டர், கொள்ளளவு 20,000 லிட்டர், முனைகள் தட்டை என்று வைத்துக்கொள்வோம். (நிஜ டேங்க் லேசாகச் சாய்ந்தும் இருக்கும், அது வேறு தொல்லை.) 5,000 லிட்டர் மிச்சம் இருக்கும்போது ராடு எவ்வளவு நனையும்? 50 செ.மீ. என்று வாய் தானாகச் சொல்லும். ஆனால் உருளையின் அடி குறுகல். 50-க்கு 3,910 லிட்டர்தான்.

உயரத்திலிருந்து லிட்டருக்குப் போகச் சூத்திரம் இருக்கிறது. திரும்பி வரத்தான் வழியில்லை. டீசல் மட்டத்தின் இரு ஓரங்களும் வட்ட மையத்தில் உண்டாக்கும் கோணத்திலிருந்து (ரேடியனில்) அதன் சைனைக் கழித்தால், கால் டேங்குக்கு π-யில் பாதி வர வேண்டும். கோணம் சைனுக்கு வெளியிலும் இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது. தனியே பிரித்தெடுக்க முடியாது. கோள்களுக்காக 1609-ல் கெப்ளர் எழுதியதும் இதே குடும்பத்துச் சமன்பாடுதான். அவரும் ஊகித்துத் திருத்தித்தான் விடைக்குப் போக வேண்டியிருந்தது.

சரி, ஊகிப்போம். 60 போட்டால் 5,046 லிட்டர். ஆக, விடை 50-க்கும் 60-க்கும் இடையில் மாட்டிக்கொண்டது. நடுவில் 55: 4,470, போதவில்லை. இனி 55 முதல் 60 வரை தேடினால் போதும். இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் ஏழாவது வெட்டில் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ராடில் கண்ணால் படிக்க முடிவதே அவ்வளவுதான். அதற்கு மேல் தசமத்தைத் துரத்துவது வெட்டி வேலை.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. 50-லிருந்து 60-க்குள் 1,136 லிட்டர் ஏறுகிறது, நமக்கு வேண்டியது 1,090. விகிதம் போட்டால் 9.6. விடை 59.6 செ.மீ., மில்லிமீட்டர் வரைக்கும் சரி, அதுவும் ஒரே தாவலில்! அந்த இடத்தில் வளைகோடு கிட்டத்தட்ட நேராக இருப்பதால் வாய்த்த அதிர்ஷ்டம் இது. அடிப்பக்கம் போனால் வளைவு அதிகம். 20 செ.மீ.க்கு 1,041 லிட்டர், அப்படியானால் 10-க்கு 520 என்று நம்பிவிடக் கூடாது, இருப்பது 374. அங்கே கிடைத்த விடையைச் சூத்திரத்தில் போட்டு, கடைசி இரண்டு புள்ளிகளை வைத்து மறுபடி விகிதம் போட வேண்டும். மூன்று நான்கு சுற்றில் அடங்கிவிடும்.